ஒத்துப்போன நூற்று நாற்பது

ஜூன் 9

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம். அம்மாவும் அப்பாவும் நலம். நீங்கள் சளி பிடித்துப் படுத்திருந்ததாக அம்மா சொன்னார். காது அடைப்பு விட்டதா? வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டீர்களா?

இந்தக் கடிதம் வந்ததை அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. விளக்குப் போடாமல் கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அதனால்தான் வரிகள் மாடிப்படி ஏறுகின்றன. அம்மாவின் போனில் பேசினால் அம்மாவும் கூடவே பேசுவார். மின்னஞ்சல் அனுப்பினால் நீங்கள் அதைத் திறக்க ஒரு மாதம் ஆகும்.

பரீட்சை வருஷம் என்பதால் இரவு ஒன்பதுக்கு மேல் நான் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று உத்தரவு. நான் தொடுவதில்லை சித்தி. எல்லோரும் தூங்கிய பிறகு பொத்தானை அழுத்துவதோடு சரி. அதன் பிறகு அது தானாகவே ஓடுகிறது.

விஷயம் இதுதான். காய்ச்சலுக்கு மருந்து தேடுகிற ஒரு ஆராய்ச்சிக் குழு இருக்கிறது. கிருமியின் உடம்பில் எந்த மருந்துப்பொருள் போய் ஒட்டும் என்று கணக்குப் போட வேண்டும். லட்சக்கணக்கான பொருள்கள் இருப்பதால், சும்மா கிடக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அந்தக் கணக்கைச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரித்து அனுப்புகிறார்கள். ஒவ்வொரு பொட்டலமும் இரண்டு பேருக்குப் போகும். விடை ஒரு நீண்ட எண்; அது சிறியதாக இருந்தால் அந்தப் பொருள் ஒட்டாது என்று அர்த்தம். இரண்டு பேரின் விடையும் கடைசி இலக்கம்வரை ஒத்துப்போனால் ஆளுக்கு முப்பத்தெட்டுப் புள்ளி. ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளுக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். யாருடைய விடை தனியாக நிற்கிறதோ அவருக்குப் பூஜ்யம். நம் ஜோடி யார் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அவர் விடை அனுப்பும்வரை நம் புள்ளி "காத்திருப்பு" என்றே இருக்கும்.

இந்தப் புள்ளியை வைத்து ஒரு மிட்டாய்கூட வாங்க முடியாது. ஆனாலும் காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். இப்போது என்னிடம் 1,140. என் புனைபெயர் "அரைத்தூக்கம்".

நீங்களும் சேருகிறீர்களா? பதிலை எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள ஸ்டேஷனரிக் கடை அக்காவின் பெயருக்கு அனுப்புங்கள். அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

உங்கள் அன்பு மகள்


ஜூன் 28

அன்புள்ள அரைத்தூக்கத்துக்கு,

சித்தி நலம். சளி போய்விட்டது, காது திறந்துவிட்டது. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? கண்ணுக்குக் கீழே கறுப்பு விழப் போகிறது, அப்போது உன் அம்மா கண்டுபிடிக்க எந்தக் கம்ப்யூட்டரும் தேவைப்படாது.

சேர்ந்துவிட்டேன்! நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் பழைய கம்ப்யூட்டர்களை ஒதுக்கினார்கள். சலவைப் பிரிவில் யாரும் கேட்கவில்லை என்பதால் ஒன்று எனக்கு வந்தது. பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வந்து இணைத்துக் கொடுத்தார். "இது எதுக்கும்மா உனக்கு?" என்றார். "மருந்து கண்டுபிடிக்கப் போறேன்"னேன். "அப்படியே என் முட்டி வலிக்கும் ஒண்ணு பாரு" என்றார்.

என் புனைபெயர் "ஈரத்துணி". பொருத்தமாக இருக்கிறதா? நாள் முழுக்க ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது.

உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். மருந்தைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பெட்டியின் சூடு. ஜூனிலும் குளிர்கிற இந்த வெளிநாட்டில் என் அறை ஹீட்டர் பேருக்குத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஓடும்போது அதன் முதுகில் கைவைத்தால் பூனை மடியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. கணக்கும் நடக்கிறது, கையும் காய்கிறது.

முதல் முப்பத்தெட்டு நேற்று வந்தது. அறைக்குள் ஒரு சுற்று ஆடினேன். கீழ் வீட்டுக்காரர் கூரையைக் குச்சியால் தட்டினார்.

உன் படிப்பு முக்கியம். அதையும் நடுநடுவே கவனி.

சித்தி


ஜூலை 15

அன்புள்ள சித்திக்கு,

நலம். உங்கள் கை நலமா? சுடுநீர்க் குழாயில் பட்டுக் கொப்பளித்தது என்று அம்மாவுக்கு எழுதியிருந்தீர்களே, ஆறிவிட்டதா?

"ஈரத்துணி" என்ற பெயரைப் பட்டியலில் பார்த்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வாயைப் பொத்தியதில் மூக்கு வழியாகச் சத்தம் வந்துவிட்டது. அம்மா உள்ளே இருந்து "யாரது?" என்றார். ஐந்து நிமிடம் நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு ஒரே குறைதான். ஒரு பொட்டலத்துக்கு ஒன்பது மணி நேரம் ஆகிறது. எனக்கு ராத்திரி ஆறு மணி நேரம்தான் கிடைக்கிறது. நேற்று, எங்களைப் போலக் கணக்குப் போடுகிறவர்கள் இணையத்தில் பேசிக்கொள்ளும் மன்றத்தில் யாரோ ஒருவர் ஒரு வேக நிரலை, அதாவது கணக்கை வேகமாக முடிக்கும் புரோகிராமை, போட்டிருந்தார். குழு கொடுத்த பழைய நிரலை எடுத்துவிட்டு இதைப் போட்டால் ஒன்பது மணி நேர வேலை மூன்று மணி நேரத்தில் முடிகிறது! போட்டுப் பார்த்தேன், உண்மைதான். ஒரே ராத்திரியில் இரண்டு பொட்டலம்.

உங்களுக்கும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். குறிப்புத் தாளையும் பாருங்கள். பாய்லர் அண்ணனே போட்டுத் தருவார்.

உங்கள் அன்பு மகள்


ஆகஸ்ட் 5

அடி வாலு,

நலமா? வீட்டில் எல்லோரும் நலமா? கை ஆறிவிட்டது, தழும்பு மட்டும் ஒரு இலை மாதிரி நிற்கிறது. பார்க்க அழகாகவே இருக்கிறது.

வேக நிரலைப் போட்டாயிற்று. பொட்டலங்கள் பறக்கின்றன. ஆனால் வரிசையாகப் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். மனம் விட்டுப்போய்ப் பெட்டியை நிறுத்தப் போன நேரத்தில் பார்த்தால், ஒன்றே ஒன்றுக்கு முப்பத்தெட்டு! ஜோடி யார் என்று பார்த்தால் "அரைத்தூக்கம்"!

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, ஊர் பேர் தெரியாத சர்வர் என் பொட்டலத்தை உன்னிடம் கொடுத்திருக்கிறது. விடையும் புள்ளி மாறாமல் ஒத்துப்போயிருக்கிறது. எங்கள் சலவைப் பிரிவில் இஸ்திரி போடும் அக்காவிடம் சொன்னேன். "ரத்த சொந்தம்னா சும்மாவா? கணக்குலகூடத் தெரியுது பாரு" என்றாள். நான் அதை அப்படியே நம்புகிறேன்.

பாய்லர் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். ஒரு பொட்டலத்தின் இரண்டு பிரதிகளும் அடுத்தடுத்துத்தான் வெளியே போகுமாம். நாம் இருவரும் ஒரே நிமிடத்தில் வேலை கேட்டால் நமக்கே ஜோடியாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம். உன் பதினொன்றரை என்றால் எனக்கு மாலை ஏழு. வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றுகிற நேரம். நாளையிலிருந்து சரியாக அந்த நிமிடத்தில் நான் அழுத்துகிறேன். நீயும் அழுத்து.

சித்தி


ஆகஸ்ட் 24

அன்புள்ள சித்திக்கு,

நலம். நீங்கள் நலமா? அங்கே குளிர் தொடங்கிவிட்டதா?

வேலை செய்கிறது! தினமும் இரண்டு பொட்டலமும் நமக்கே வருகின்றன. இரண்டும் ஒத்துப்போகின்றன. இந்த வருஷம் சேர்ந்தவர்களின் பட்டியலில் நான் 412-ஆவது இடத்தில் இருந்து 230-க்கு வந்துவிட்டேன்.

பதினொன்று இருபத்தொன்பதிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த முள் நகரும்போது, இப்போது சித்தி ஒற்றைக் கால் ஷூவோடு நொண்டிக்கொண்டு வந்து அழுத்துகிறார் என்று நினைத்துக்கொள்வேன். பயம் கொஞ்சம் குறைகிறது.

மற்றவர்களோடு ஜோடி விழுந்தால் மட்டும் எனக்கும் பூஜ்யம்தான். இஸ்திரி அக்கா சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும்.

இயற்பியல் டீச்சரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "நீயா? பெஞ்சுல தூங்குற நீயா?" என்றார். பிறகு பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

உங்கள் அன்பு மகள்


செப்டம்பர் 20

செல்லமே,

நலம், நலமறிய ஆசை. அம்மாவின் தலைவலி எப்படி இருக்கிறது?

இங்கே உன் சித்தி பெரிய மனுஷி ஆகிவிட்டாள். துணி எண்ணிக்கை எழுதும் கரும்பலகை ஒன்று எங்கள் சலவைக் கூடத்தில் இருக்கிறது. அதன் மூலையில் "ஈரத்துணி இன்றைய இடம்" என்று இஸ்திரி அக்கா தினமும் எழுதுகிறாள். இன்று 71! டாக்டர் ஒருவர் கோட்டு வாங்க வந்து, "இது யாரு?" என்று கேட்டார். நான்கு பேர் ஒரே நேரத்தில் என்னைக் கைகாட்டினார்கள்.

முன்பெல்லாம் டீ நேரத்தில் நான் ஜன்னல் பக்கம் நின்று குடித்துவிட்டு வந்துவிடுவேன். இந்த ஊர்ப் பேச்சு வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது, அவ்வளவுதான். இப்போது எனக்கு நடு நாற்காலி. பாய்லர் அண்ணன் தன் பிஸ்கட்டில் பாதி தருகிறார்.

சும்மாதான் கேட்கிறேன், கம்ப்யூட்டர் மேல் ஏதாவது வைத்தால் அது ஓடுவதில் கோளாறு வருமா? நான் ஒன்றும் வைக்கவில்லை. பொதுவாகத் தெரிந்துகொள்ளலாம் என்று.

சித்தி


அக்டோபர் 8

அன்புள்ள சித்திக்கு,

நலம். அம்மாவுக்குத் தலைவலி இல்லை. நீங்கள் நலமா?

நவம்பர் 21-ஆம் தேதி காலைக் கூட்டத்தில் என் பெயரையும் புள்ளிகளையும் தலைமையாசிரியை வாசிக்கப் போகிறாராம். டீச்சர்தான் ஏற்பாடு. பெற்றோருக்கும் சொல்லி அனுப்புவார்களோ என்று பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

அது மட்டும் இல்லை. ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிகிறதா? மற்றவர்களோடு ஏன் ஒருமுறைகூட நமக்கு ஒத்துப்போவதில்லை என்று யோசித்தீர்களா?

ஒன்றும் இல்லை. சும்மாதான்.

இன்று சீக்கிரம் தூங்கப் போகிறேன்.

உங்கள் அன்பு மகள்


அக்டோபர் 19

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

போன கடிதத்தில் பாதியை விழுங்கிவிட்டேன். டீச்சர் என் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அது என்ன, எப்பவும் இந்த ஈரத்துணிகூட மட்டும்தான் உனக்கு ஒத்துப்போகுது?" என்று கேட்டார். "அவங்க என் சித்தி, டீச்சர்" என்றேன். "சித்தின்னா கணக்கு ஒத்துப்போயிடுமா?" என்றார். அவர் அப்படிக் கேட்ட பிறகுதான் எனக்கு நிரல்மேல் சந்தேகம் வந்தது.

அன்று ராத்திரி ஒரு பொட்டலத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, வேக நிரலில் ஒருமுறையும் பழைய நிரலில் ஒருமுறையும் ஓட்டினேன். இரண்டு ராத்திரி ஆயிற்று. விடைகள் வேறு வேறு. அடுத்த பொட்டலத்திலும் அப்படித்தான். வேக நிரல் வேகமாகக் கணக்குப் போடவில்லை சித்தி. பாதிக் கணக்கைப் போடாமலே தாண்டிவிடுகிறது, அதனால் எண் எப்போதும் சிறியதாகவே வருகிறது.

உங்களிடமும் என்னிடமும் இருப்பது ஒரே நிரல். ஒரே இடத்தில் ஒரே தப்பு. அதனால்தான் ஒத்துப்போயிற்று. நான் அனுப்பிய பென் டிரைவ்தான் நம் ரத்த சொந்தம்.

புள்ளி போனால் போகட்டும். ஆனால் நாம் இருவரும் சேர்ந்து "ஒட்டாது" என்று சொன்ன பொருள்களை அவர்கள் மூலையில் தூக்கிப் போட்டிருப்பார்கள். இரண்டு பேர் ஒரே விடை சொல்லிவிட்டால் மூன்றாவது ஆளிடம் கேட்க மாட்டார்கள். அப்படிப்பட்டவற்றை எண்ணிப் பார்த்தேன். நூற்று நாற்பது. அதில் ஒன்று உண்மையான மருந்தாக இருந்திருந்தால்?

குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் உங்கள் புள்ளியும் போய்விடும். கரும்பலகை, நடு நாற்காலி எல்லாம் நினைத்துக் கடிதத்தைத் திரும்ப மூடிவிட்டேன். தப்பு செய்தது நான். உங்களைக் கேட்காமல் எப்படி அனுப்புவது?

நிரலை மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள். உடனே பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

உங்கள் மகள்


நவம்பர் 3

என் கண்ணே,

நலமா? உன் அக்டோபர் எட்டாம் தேதிக் கடிதம் மட்டும்தான் கையில் இருக்கிறது. இங்கே தபால்காரர்கள் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு நீ எழுதியிருந்தால் ஏதோ ஒரு மூட்டையில் கிடக்கும்.

"உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிகிறதா" என்று நாசூக்காகக் கேட்டிருந்தாய். புரிந்துவிட்டது. நீ கண்டுபிடித்துவிட்டாய். பெரிய மனசு, நேராகச் சொல்லாமல் விட்டாய்.

ஆமாம். காலுறைதான்.

தினமும் ராத்திரி ஈரக் காலுறையைக் கம்ப்யூட்டர் மேல்தான் காயப்போடுகிறேன். ஜூன் மாதத்திலிருந்து. சில நாள் நான்கு ஜோடி. ஆவி பறக்கும். அந்த ஈரம் உள்ளே இறங்கிக் கணக்கையெல்லாம் கெடுத்திருக்கிறது. அதனால்தான் ஊரில் யாரோடும் ஒத்துப்போகவில்லை. உன் கம்ப்யூட்டர் பாவம், சித்தியாயிற்றே என்று என் தப்பு விடைக்கும் தலையாட்டியிருக்கிறது போல!

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மருந்துக் கணக்கில் காலுறைத் தண்ணீரைக் கலந்துவிட்டேனே. நேற்று பாய்லர் அண்ணனை உட்கார வைத்து அந்தக் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். "எழுதணுமாம்மா? யாருக்குத் தெரியப் போகுது" என்றார். "எனக்குத் தெரியுதே" என்றேன். புள்ளிகளை எடுத்துவிடுங்கள், என் அக்கா மகள்மேல் எந்தத் தவறும் இல்லை, அவள் கம்ப்யூட்டர் மேல் எதுவும் காயப்போடுவதில்லை என்று எழுதியிருக்கிறேன்.

உன்னைப் பள்ளியில் பாராட்டப் போகிற நேரத்தில் இப்படிச் செய்துவிட்டேன். என்னோடு பேசாமல் இருந்துவிடாதே.

காலுறை இப்போது ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. பலகை மாதிரி விறைத்துப் போயிருக்கிறது.

சித்தி


நவம்பர் 20

அன்புள்ள சித்திக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் நலமா?

ஒரு மாதமாக உங்கள் பதில் இல்லை. கடை அக்கா என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிடுகிறார். கோபமா? கோபம் நியாயம்தான்.

நாளைக் காலையில் கூட்டம். பட்டியலில் என் பெயருக்கு நேரே 7,030 என்று இருக்கிறது. டீச்சர் அதைச் சிவப்பு மையில் அட்டையில் எழுதி, சுற்றிலும் பூக்கோலம்கூட வரைந்துவிட்டார்.

உங்கள் சம்மதத்துக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். இப்போது யோசித்தால், அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, அந்த அட்டை எனக்குப் பிடித்திருந்தது. பெஞ்சில் தூங்குகிறவள் என்று யாரும் சொல்லாத ஒரு மாதம் எனக்குப் பிடித்திருந்தது.

மணி பதினொன்று ஐம்பது. குழுவுக்கு இப்போதுதான் அனுப்பினேன். தப்பு முழுக்க என்னுடையது, நிரலைக் கொடுத்தது நான், என் சித்திக்கு எதுவும் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். அனுப்பு என்பதை அழுத்திவிட்டுக் கையை உடனே மடியில் ஒளித்துக்கொண்டேன், யாரோ பிடித்துவிடுவார்கள் என்பது போல.

காலையில் தலைமையாசிரியையிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கிறேன்.

மன்னித்துவிடுங்கள் சித்தி. மன்னிக்க முடியாவிட்டாலும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மகள்


டிசம்பர் 6

அடி கழுதை, அசட்டுக் கழுதை, என் தங்கக் கழுதை,

நலம், நலம், நூறு தடவை நலம்! உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்து விழுந்தன. படித்துவிட்டுச் சலவைக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து சிரித்தேன். அழுதேனா சிரித்தேனா என்று இஸ்திரி அக்காவுக்குச் சந்தேகம், தண்ணீர் கொண்டு வந்தாள்.

காலுறை நிரபராதியாம்! ஒரு மாதம் ஜன்னலில் தொங்கவிட்டு விறைக்க வைத்தேனே அதை!

குழுவிலிருந்து பதில் வந்திருக்கிறது. உனக்கும் அதே கடிதம் வந்திருக்கும். பாய்லர் அண்ணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்துக் காட்டினார். ஒரே திருட்டுக்கு இரண்டு பேர் தனித்தனியாக வந்து, மற்றவரை விட்டுவிடுங்கள் என்று சரணடைந்தது அவர்களுக்கு இதுதான் முதல் தடவையாம். காலுறையால் கணக்குக் கெடாது, ஆனாலும் அங்கே காயப்போட வேண்டாம், தீப்பிடிக்கும் என்று தனியாக ஒரு பத்தி. அந்த வேக நிரலை மன்றத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நாம் இருவர் மட்டும் ஒத்துப்போன நூற்று நாற்பது பொட்டலங்களுக்கும் புள்ளி ரத்து. அவற்றை வேறு ஆட்களுக்கு மறுபடி அனுப்புகிறார்கள். இனி நம் இருவரையும் எப்போதும் ஜோடி சேர்ப்பதில்லை என்றும் முடிவு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை எழுதவில்லை. இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷத்தில் என்னிடம் யாரும் அதிகம் பேசியதில்லை. நன்றாகப் பேசுகிறார்கள் என்று உன் அம்மாவுக்கு எழுதுவதெல்லாம் சும்மா. அந்தக் கரும்பலகை வந்த பிறகுதான் பேச்சே. அதனால் அதை அழிக்க மனமே வரவில்லை, ஆனாலும் நானே எழுந்து போனேன். 63 என்று இருந்ததை அழித்து, 409 என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். பிறகு இஸ்திரி அக்கா கேட்டாள்: "ஆமா, நெஜமாவே ஒரு மாசம் காலுறை மேல பழியைப் போட்டியா?" அவ்வளவுதான். கூடமே உருண்டது. பாய்லர் அண்ணன் சிரித்த சிரிப்பில் பாய்லர் அணைந்துவிட்டது. நடு நாற்காலி என்னுடையதாகவே இருக்கிறது. ஆனால் இப்போது நான்தான் பேசுகிறேன், அவர்கள் கேட்கிறார்கள்.

உன் மேல் கோபமா என்று கேட்கிறாய். வெட்கமாக இல்லையா உனக்கு, இப்படிக் கேட்க? அந்தக் காலைக் கூட்டம் என்ன ஆயிற்று? மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன், சீக்கிரம் எழுது.

சித்தி


டிசம்பர் 27

அன்புள்ள சித்திக்கு,

நலம். எல்லோரும் மிக நலம். இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில், விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். வரிகள் நேராக இருக்கின்றன, பாருங்கள்.

முதலில் கூட்டம். காலையில் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். சொல்லி முடிக்கும்வரை அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "மொத்தத்துல எத்தனை போயிடும்?" என்றார். "ஐயாயிரத்து முந்நூத்து இருபது, மேடம்." "மிச்சம்?" "ஆயிரத்து எழுநூத்துப் பத்து." "அது நீ ஒழுங்கா செஞ்சதா?" "ஆமா மேடம்." "அப்ப அதை வாசிக்கிறேன். போய் வரிசையில நில்லு. அழுத மூஞ்சியைக் கழுவிட்டுப் போ." அப்படியே 1,710 என்று வாசித்தார். டீச்சரின் அட்டையில் பூக்கோலம் மட்டும் இருந்தது, நடுவில் எண் இல்லை. நிறையப் பேருக்கு எதற்காகக் கைதட்டுகிறோம் என்று தெரியவில்லை, ஆனாலும் தட்டினார்கள். பெற்றோருக்கு யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்தது நேற்றுத்தான். அதற்குக் காரணம் என் தொண்டை.

நேற்று ராத்திரி குழுவிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும், ஆனால் நீங்கள் திறந்திருக்க மாட்டீர்கள். நூற்று நாற்பது பொட்டலங்களையும் மறுபடி கணக்குப் போட்டு முடித்துவிட்டார்களாம். நூற்று முப்பத்தேழு உண்மையிலேயே ஒட்டவில்லை. மூன்று ஒட்டுகின்றன. சித்தி, மூன்று! நாம் மூலையில் தூக்கிப் போட்ட மூன்று பொருள்கள் அடுத்த சோதனைக்குப் போகின்றன. மருந்தாக ஆகுமா என்று யாருக்கும் தெரியாது, பெரும்பாலும் ஆகாது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் சோதனைக்குப் போகின்றன!

நான் கத்திவிட்டேன்.

அம்மா விளக்கைப் போட்டார். நான் திரைக்கு முன்னால், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். தப்பிக்க ஒரு பொய்யும் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஜூன் மாதத்திலிருந்து, பொத்தானிலிருந்து, காலுறைவரை. 

கடைசியில் அம்மா கேட்டார்: "அந்த மூணுக்கு உனக்கு எத்தனை பாயிண்ட்டு?"

"ஒண்ணும் இல்லம்மா. அதைக் கணக்குப் போட்டவங்களுக்குத்தான்."

"உன் சித்திக்கு?"

"அவங்களுக்கும் இல்ல."

"அப்ப எதுக்குடி ஊரைக் கூட்டுற மாதிரி கத்துனே?"

திரையைக் காட்டினேன். மூன்று வரிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு புனைபெயர்கள். சிலவற்றை என்னால் வாசிக்கக்கூட முடியவில்லை, வேறு வேறு எழுத்துகள். ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத ஆறு பேர், எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு, இரண்டிரண்டு பேராக ஒரே விடையைச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுக்கொண்டு போனார். "இதுல உன் பேரு எங்க இருக்கு?"

"இல்லம்மா."

"அவ பேரு?"

"இல்ல."

அம்மா எழுந்து போய், அப்பாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார், அந்த மூன்று வரிகளைக் காட்டுவதற்கு.

கையை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்